அங்கோலாவில் திருந்தியவர்கள்

சிறையிலிருந்து மீண்டவர்கள் எழுதும் நூல்களை அமெரிக்க வாசகர்கள் நெடுங்காலமாக மனமாற்றக் கதைகளாகவே வாசித்து வந்திருக்கிறார்கள். வறுமையிலோ கவனிப்பாரற்றோ வளர்ந்த இளைஞன் ஒருவன் குற்றம் புரிந்து சிறைக்குள் போகிறான். அங்கே ஒரு புத்தகமோ, ஒரு மதமோ, வயதில் மூத்த சிறைவாசி ஒருவரோ அவன் உள்ளத்தை அசைக்க, தண்டனை முடிந்து வெளியே வரும்போது புதிய மனிதனாக வருகிறான் என்பது அந்தக் கதையின் வார்ப்பு. 1965இல் வெளியான மால்கம் எக்ஸின் தன்வரலாறு இந்த வார்ப்பு நிலைபெறப் பெரிதும் துணைபுரிந்தது. மாசசூசெட்ஸ் மாநிலச் சிறையொன்றில் அகராதியின் பக்கங்களை வரி விடாமல் கையால் எழுதியெழுதித் தம் மொழியை வளர்த்துக்கொண்ட இளைஞரின் சித்திரம் பள்ளிப் பிள்ளைகள்வரை போய்ச் சேர்ந்துவிட்டது. அதே நூல் வெள்ளையர் ஆதிக்கத்தின்மீது பக்கத்துக்குப் பக்கம் சுமத்திய குற்றச்சாட்டு அந்த அளவுக்குப் போய்ச் சேரவில்லை. அகராதியை நினைவில் வைத்துக்கொண்டு குற்றச்சாட்டை மறந்துவிடும் இந்த வாசிப்பில் அரசுக்கும் சமூகத்துக்கும் ஓர் ஆறுதல் இருக்கிறது: திருந்த வேண்டியவன் திருந்திவிட்டான், திருத்த வேண்டிய இடம் தன் வேலையைச் செய்துவிட்டது, இனி வேறெதுவும் மாற வேண்டியதில்லை.

லூயிசியானா மாநிலச் சிறையிலிருந்து மீண்ட சிலருடைய எழுத்தும் செயலும் இந்த ஆறுதலுக்கு இடம் தருவதில்லை. அங்கோலா என்றே எல்லோராலும் அழைக்கப்படும் அந்தச் சிறையில் 1960களிலும் 70களிலும் அடைக்கப்பட்ட கறுப்பர்களில் சிலர், ஒரே வேலிக்குள், ஏறத்தாழ ஒரே காலத்தில், தங்களைத் தாங்களே அடியோடு மாற்றிக்கொண்டார்கள். அவர்களில் ஒருசாராருடைய மாற்றத்தைச் சிறை பாராட்டிக் காட்சிக்கு வைத்தது; மற்றொரு சாராருடைய மாற்றத்தைப் பல பத்தாண்டுத் தனிமையால் தண்டித்தது. தண்டனைக்கு உள்ளானவரைச் சட்டத்துக்கு உட்பட்டு வாழத்தக்கவராக்கிச் சமூகத்திடம் திருப்பியளிப்பதே சிறையின் நோக்கம் என்று சொல்லும் மறுவாழ்வுக் கோட்பாடு, இனம் பற்றிய கேள்வியை எதிர்கொள்ளும்போது என்ன ஆகிறது என்பதை இந்த இரு சாராரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உணர முடியும்.

அந்தக் கோட்பாட்டின் வரலாற்றில் இனம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. தனிமையும் உழைப்பும் மனச்சான்றை எழுப்பிவிடும் என்று நம்பிய குவேக்கர் கிறிஸ்தவர்களின் தாக்கத்தில் ஃபிலடெல்ஃபியாவில் கட்டப்பட்ட ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை 1829இல் திறக்கப்பட்டபோது, அதன் பதிவேட்டில் முதலாம் எண்ணைப் பெற்றவர் 18 வயதான ஒரு கறுப்பின உழவர். 20 டாலர் பெறுமானமுள்ள ஒரு கடிகாரம், மூன்று டாலர் பெறுமானமுள்ள ஒரு தங்க முத்திரை, ஒரு தங்கச் சாவி ஆகியவற்றைத் திருடியதற்காக இரண்டு ஆண்டுகள் தனிக்கொட்டடியில் உழைக்கும்படி அவர் தண்டிக்கப்பட்டிருந்தார். மனிதரைத் திருத்துவதற்கென்றே உலகுக்கு எடுத்துக்காட்டாக எழுப்பப்பட்ட கட்டடம் அவரிடமிருந்துதான் தொடங்கியது.

தெற்கு மாநிலங்களில் வரலாறு வேறு வழியில் வந்து சேர்ந்தது. மூன்று பக்கமும் மிசிசிப்பி ஆறு வளைந்தோட, ஏறத்தாழ 18,000 ஏக்கர் பரப்பில் கிடக்கும் அங்கோலா, அடிமை வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஐசக் ஃபிராங்க்ளினின் பருத்தித் தோட்டங்களுள் ஒன்று. அங்கே உழைத்த அடிமைகள் பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்க நிலத்தின் பெயரே தோட்டத்துக்கும் பின்பு சிறைக்கும் ஆயிற்று. 1865இல் அடிமைமுறையை ஒழித்த அரசியல் சாசனத்தின் 13ஆம் திருத்தம், குற்றத்துக்கான தண்டனையாக விதிக்கப்படும் கட்டாய உழைப்பை மட்டும் விலக்கி வைத்தது. அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு, சிறைவாசிகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடும் முறை தெற்கெங்கும் பரவியது. உள்நாட்டுப் போரில் தெற்கு மாநிலங்களின் கூட்டமைப்புப் படையில் மேஜராக இருந்த சாமுவேல் ஜேம்ஸ் லூயிசியானாவின் சிறைவாசிகளைக் குத்தகைக்கு எடுத்து, அங்கோலா தோட்டத்தையும் விலைக்கு வாங்கி, முன்பு அடிமைகள் உழைத்த அதே வயல்களில் அவர்களை உழைக்க வைத்தார். 1901இல் மாநில அரசு சிறையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. வயல் வேலை நிற்கவில்லை. இன்றும் அங்கே குதிரைமேல் இருக்கும் ஆயுதக் காவலர்களின் பார்வையில் சிறைவாசிகள் வரிசை வரிசையாக நின்று மண்வெட்டியால் கொத்துகிறார்கள், காய்கறி பறிக்கிறார்கள். மணிக்கு 2 சென்ட் முதல் 20 சென்ட் வரை என்பது நெடுங்காலமாக அங்கே உள்ள கூலி. மாநில மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினரான கறுப்பர்கள் அந்தச் சிறையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினராக இருக்கிறார்கள்.

இந்த விகிதம் தானாக வந்ததன்று. அதை உருவாக்கிய கருவிகளில் ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கடுங்குற்ற வழக்குகளில் தீர்ப்பு சொல்வது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் பன்னிருவர் கொண்ட ஜூரி. இந்தியாவில் 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு மறைந்துவிட்ட முறை அது. பன்னிருவரும் ஒருமனதாக உடன்பட்டால்தான் ஒருவரைக் குற்றவாளி எனலாம் என்பது பழைய மரபு. உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பர்களுக்கு ஜூரியில் அமரும் உரிமை கிடைத்துவிட்ட நிலையில், அவர்களை அடியோடு விலக்கினால் மத்திய நீதிமன்றங்கள் தலையிடக்கூடும் என்று கண்ட லூயிசியானாவின் வெள்ளை அரசியல்வாதிகள், 1898இல் கூடிய அரசியல் சாசன மாநாட்டில் ஒன்பது பேர் உடன்பட்டாலே போதும் என்று விதி செய்தார்கள். ஓரிரு கறுப்பர்கள் ஜூரியில் அமர்ந்தாலும் அவர்களுடைய வாக்கு எதையும் தடுக்காது. வெள்ளை இனத்தின் மேலாண்மையை நிலைநாட்டுவதே மாநாட்டின் நோக்கம் என்று அதில் பேசியவர்கள் வெளிப்படையாகவே அறிவித்தார்கள். 1970களில் ஒன்பது என்பது பத்தாயிற்று, அடிப்படை மாறவில்லை. ஒரு மனிதரைச் சாகும்வரை அங்கோலாவில் வைத்திருக்க, இருவர் நம்பாதபோதும், மீதிப் பத்துப் பேர் போதுமானவர்களாக இருந்தார்கள்.

வில்பர்ட் ரிடோ 1961இல் 19 வயதில் வங்கியொன்றைக் கொள்ளையடித்து, அங்கே பணிபுரிந்த பெண் ஒருவரைக் கொன்றார். கொன்றதை அவர் எந்நாளும் மறுக்கவில்லை. காவல் நிலையத்தில் அவர் அளித்த வாக்குமூலம் படமெடுக்கப்பட்டு உள்ளூர்த் தொலைக்காட்சியில் காட்டப்பட்டதால், அதைப் பார்த்த ஊரில் நியாயமான விசாரணை நடக்க முடியாது என்று 1963இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. மறுபடி விசாரணைகள் நடந்தன, மறுபடி மரண தண்டனை விதிக்கப்பட்டது. நாடெங்கும் அன்றிருந்த மரண தண்டனைச் சட்டங்களை 1972இல் உச்ச நீதிமன்றம் செல்லாதவை என்றதால் ரிடோவின் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. மரண தண்டனைக் கைதிகளின் கொட்டடியில் கழிந்த பத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் கையில் கிடைத்ததையெல்லாம் அவர் படித்திருந்தார். பொதுச் சிறைக்கு மாற்றப்பட்டதும் சிறைவாசிகள் நடத்திவந்த 'ஆங்கோலைட்' என்ற இதழில் வேலை கேட்டார். இதழில் அன்று வெள்ளையர் மட்டுமே பணிபுரிந்தார்கள். இடம் கிடைக்காத ரிடோ, கறுப்பினச் சிறைவாசிகளைச் சேர்த்துக்கொண்டு 'லைஃபர்' என்ற தனி இதழைத் தொடங்கினார்.

1976இல் மாநிலச் சிறைத்துறைப் பொறுப்பில் இருந்த பால் ஃபெல்ப்ஸ் ரிடோவை 'ஆங்கோலைட்' ஆசிரியராக்கியதோடு, உண்மை என்று சரிபார்க்கப்பட்ட எதையும் தணிக்கையின்றி வெளியிடலாம் என்று அனுமதித்ததும் அமெரிக்கச் சிறை வரலாற்றில் மிக அரிய நிகழ்ச்சி. ஆசிரியர் குழுவுக்குத் தொலைபேசி கிடைத்தது, புகைப்படக் கருவி கிடைத்தது, அதிகாரிகளிடம் நேரடியாகக் கேள்வி கேட்கும் உரிமையும் கிடைத்தது. குடும்பமும் அரசும் மறந்துவிட்ட நெடுங்காலச் சிறைவாசிகளைத் தேடிப்பிடித்து அவர்களுடைய கோப்புகளை வெளியே இழுத்துவரும் கட்டுரைகள் வந்தன; சிறைக்குள் இளைஞர்கள் வன்புணரப்பட்டு அடிமைகளாக விற்கப்படுவதை அதுவரை எந்த வெளிப் பத்திரிகையும் எழுதத் துணியாத அளவுக்கு எழுதிய கட்டுரை வந்தது; மின்நாற்காலியில் கொல்லப்பட்ட ஒருவரின் உடலில் இருந்த தீக்காயங்களின் படங்கள் வந்தன. அதன்பின் லூயிசியானா மின்நாற்காலியைக் கைவிட்டது. நாட்டின் மதிப்புமிக்க இதழியல் பரிசுகளில் சில அங்கோலாவின் முகவரிக்குப் போயின. ஒரு காவலரைத் துணைக்குக் கொண்டு ரிடோ வெளியூர்க் கூட்டங்களில் பேசிவிட்டு மாலையில் சிறைக்குத் திரும்புவது வழக்கமாயிற்று. 1993இல் 'லைஃப்' இதழ் அமெரிக்காவிலேயே மிக நன்றாகத் திருந்திய சிறைவாசி என்று அவரைப் பற்றி எழுதியது.

அதன் பிறகும் 12 ஆண்டுகள் அவர் உள்ளேயே இருந்தார். மன்னிப்பு வாரியம் பலமுறை பரிந்துரை செய்தும் மாநில ஆளுநர்கள் கையெழுத்திட மறுத்தார்கள். அவரைக் காட்டிலும் குறைவாக மாறியவர்களும் அவரைப் போலவே கொலை செய்தவர்களும் அதே ஆண்டுகளில் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். கொல்லப்பட்டவர் வெள்ளையர், கொன்றவர் கறுப்பர், ஊர் அதை மறக்கவில்லை என்பதே உண்மையான காரணம். கடைசியில் அவரை வெளியே கொண்டுவந்தது அவருடைய மறுவாழ்வு அன்று. வழக்கை விசாரணைக்கு ஏற்கலாமா என்று முதலில் முடிவுசெய்யும் பெரு ஜூரியில் 1961இல் கறுப்பர்கள் திட்டமிட்டு விலக்கப்பட்டிருந்தார்கள் என்று 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டறிந்தது. 2005இல் நடந்த நான்காவது விசாரணையில், கறுப்பர்களும் வெள்ளையர்களும் கலந்த ஜூரி, திட்டமிட்ட கொலை என்பதை ஏற்காமல் அதற்கும் குறைந்த குற்றமே என்று தீர்ப்பளித்தது. அந்தக் குற்றத்துக்குரிய உச்சத் தண்டனை 21 ஆண்டுகள். ரிடோ கழித்திருந்தது 44.

அதே அங்கோலாவில், ரிடோவின் அச்சகம் இயங்கிய அதே ஆண்டுகளில், ஆறடிக்கு ஒன்பதடிக் கொட்டடியில் நாளுக்கு 23 மணி நேரம் பூட்டப்பட்டுக் கிடந்தார் ஆல்பர்ட் உட்ஃபாக்ஸ். ஆயுதக் கொள்ளைக்காக 50 ஆண்டு தண்டனை பெற்ற அவர், இடையில் நியூயார்க் சிறையொன்றில், கறுப்பர் விடுதலைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் கட்சியினரைச் சந்தித்து அவர்களுடைய அரசியலை ஏற்றுக்கொண்டிருந்தார். அங்கோலாவுக்குத் திரும்பியதும் ஹெர்மன் வாலஸோடு சேர்ந்து சிறைக்குள் கட்சியின் கிளை ஒன்றைத் தொடங்கினார். புதிதாக வந்து இறங்கும் இளைஞர்களை அன்றிரவே வேட்டையாடக் காத்திருப்பவர்களிடமிருந்து காப்பதும், வயலில் 16 மணி நேரம் உழைக்க வைப்பதை எதிர்ப்பதும், கறுப்பரும் வெள்ளையரும் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளாமல் நிர்வாகத்திடம் சேர்ந்து கேட்கச் சொல்வதும் அந்தக் கிளையின் வேலைகளாக இருந்தன. சிறையில் ஒழுங்கு நிலவ வேண்டும் என்று உண்மையாகவே விரும்பும் எந்த நிர்வாகமும் வரவேற்றிருக்க வேண்டிய வேலைகள் இவை. 1972 ஏப்ரலில் 23 வயதுக் காவலர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். உட்ஃபாக்ஸும் வாலஸும் குற்றம் சாட்டப்பட்டுத் தனிக்கொட்டடிக்குப் போனார்கள். அவர்களுக்கு எதிரான சாட்சியங்கள் சலுகைகளுக்கு ஈடாகப் பெறப்பட்டவை என்பது பின்னாளில் வெளிவந்தது. கொல்லப்பட்டவரின் மனைவியே அவர்கள்தாம் கொன்றார்களா என்று ஐயுற்றார். அந்தக் கொலை நடந்தபோது அங்கோலாவிலேயே இல்லாத ராபர்ட் கிங்கும் அவர்களோடு சேர்த்து அடைக்கப்பட்டு 29 ஆண்டுகள் தனிமையில் இருந்தார். வாலஸ் 2013 அக்டோபர் 1 அன்று புற்றுநோயோடு விடுவிக்கப்பட்டு மூன்றாம் நாள் இறந்தார். உட்ஃபாக்ஸ் வெளியே வந்தது 2016 பிப்ரவரி 19, அவருடைய 69ஆம் பிறந்தநாள். தனிமையில் கழிந்தவை 43 ஆண்டுகளுக்கும் மேல்.

2019இல் வெளியான அவருடைய தன்வரலாறு துயரத்தை அடுக்குவதில்லை. அது பெரும்பாலும் வேலைகளின் வரலாறு. உணவுத் தட்டைக் கதவுக்கு அடியில், அழுக்குத் தரையில் தள்ளிவிடுவது அந்தக் கொட்டடிகளின் வழக்கம். தாங்கள் விலங்குகள் அல்லர் என்று சொல்லி அந்த வரிசையில் இருந்தவர்கள் 45 நாள்கள் உண்ணாதிருந்தார்கள். அதன் பிறகே கம்பிகளில் தட்டு நுழையும் அளவுக்குத் திறப்பு வெட்ட நிர்வாகம் உடன்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத சிறைவாசி ஒருவருக்கு உட்ஃபாக்ஸ் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். ஒருவர் கொட்டடிக்குள், மற்றவர் நாளில் தமக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் கம்பிக்கு வெளியே. அகராதிப் பக்கத்தின் அடியில் அச்சிட்டிருக்கும் ஒலிக்குறிப்புகளே பாடநூல். ஒரு சொல் பிடிபடாவிட்டால் இரவோ பகலோ எந்நேரமும் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார், அந்த மனிதரும் இருட்டில் வரிசையின் மறுமுனையிலிருந்து கூப்பிட்டுக் கேட்டார். தம் வாழ்வின் பெரும் சாதனைகளில் ஒன்றாக உட்ஃபாக்ஸ் இதைத்தான் சொன்னார். அவருடைய தாயும் படிக்கத் தெரியாதவர். 1994இல் அவர் இறந்தபோது இறுதிச் சடங்குக்குப் போக மகனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. சுவர்கள் நெருங்கி வந்து நசுக்குவது போன்ற அச்சம் பிடித்த இரவுகளில், படுத்தால் மூச்சு முட்டும் என்பதால், ஆண்டுக்கணக்கில் உட்ஃபாக்ஸ் உட்கார்ந்தபடியே தூங்கினார்.

தனிமையில் வைத்திருப்பதன் தேவையை மறுஆய்வு செய்ய 90 நாளுக்கு ஒரு முறை குழுவொன்று கூடுவது விதி. அந்தக் குழு ஒவ்வொரு முறையும் முதலில் பூட்டியதற்கான காரணமே தொடர்கிறது என்று எழுதிக் கோப்பை மூடியது. பல பத்தாண்டுகளாகக் கடும் ஒழுங்குமீறல் ஏதும் இல்லாத ஒரு மனிதரிடம் வேறு என்ன எதிர்பார்க்கப்பட்டது என்பதற்கான விடை 2008இல் வழக்கொன்றில் சிறைக் கண்காணிப்பாளர் பர்ல் கெய்ன் அளித்த வாக்குமூலத்தில் கிடைத்தது: காவலரை உட்ஃபாக்ஸ் கொல்லவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அவர் இன்னும் கருஞ்சிறுத்தைகளின் கொள்கையைக் கைவிடவில்லை என்பதால் தனிமையிலேயே வைத்திருப்பேன் என்பது அதன் சாரம்.

இதைச் சொன்ன கெய்ன் மறுவாழ்வில் நம்பிக்கை இல்லாதவர் அல்லர் என்பதுதான் இங்கே முக்கியமானது. சிறைவாசிகள் கல்லூரிக் கல்விக்கு மத்திய அரசின் உதவித்தொகை பெறுவதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்ததும், நாடெங்கும் சிறைக் கல்லூரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்த உதவி முழுமையாகத் திரும்பியது 2023இல்தான். வெற்றிடமான அந்த நேரத்தில் கெய்ன் பாப்டிஸ்ட் திருச்சபையின் இறையியல் கல்லூரி ஒன்றை அங்கோலாவுக்குள் கொண்டுவந்தார். அதில் பட்டம் பெற்ற சிறைவாசிகள் சக சிறைவாசிகளுக்குப் போதகர்களானார்கள். 1998இல் தொடங்கிய இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தில், சாகக் கிடக்கும் முதியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் அமர்ந்திருப்பவர்களும் அவர்களுடைய சவப்பெட்டியை மரப்பட்டறையில் இழைத்துச் செய்பவர்களும் சிறைவாசிகளே. புகழ்பெற்ற போதகர் பில்லி கிரஹாமும் அங்கே செய்த ஒட்டுப்பலகைப் பெட்டியில்தான் அடக்கம் செய்யப்பட்டார். இந்தப் பணிகளை வெறும் விளம்பரம் என்று ஒதுக்குவது, அவற்றைச் செய்த மனிதர்களுக்கு இழைக்கும் அநீதியாகும். ஆனால் அந்த முதியவர்கள் ஏன் அங்கே கிடந்து சாகிறார்கள் என்ற கேள்வி அந்தப் பராமரிப்பு இல்லத்தின் எல்லைக்கு அப்பால் நிற்கிறது. முன்விடுதலைக்கு வாய்ப்பே இல்லாத ஆயுள் தண்டனையில் லூயிசியானாவில் 4,000க்கும் மேற்பட்டோர் இருந்த காலம் அது.

ஆக, அங்கோலாவில் அனுமதிக்கப்பட்ட மறுவாழ்வு ஒன்று, தடைசெய்யப்பட்ட மறுவாழ்வு ஒன்று. படிப்பது, பிறருக்குக் கற்பிப்பது, வன்முறையைக் கைவிடுவது, பலவீனமானவரைக் காப்பது என்று எந்த அளவுகோலை வைத்தாலும் இரண்டிலும் ஒரே பண்புகள் தென்படுகின்றன. தன் பழைய வாழ்க்கைக்குத் தானே பொறுப்பு என்று சொல்வதிலும் வேறுபாடில்லை: உட்ஃபாக்ஸ் காவலரைக் கொல்லவில்லை என்று இறுதிவரை சொன்னாலும், இளமையில் தம் சொந்த மக்களையே கொள்ளையடித்து அச்சுறுத்தியதை மறைக்காமல் எழுதினார். வேறுபாடு ஒரே இடத்தில்தான். ஒன்று மாற்றத்தைத் தனி மனிதரின் உள்ளத்தோடு நிறுத்திக்கொண்டது. மற்றொன்று அந்த மனிதரை உருவாக்கிய இன ஒழுங்கும் அவரைத் தீர்ப்பிட்ட நீதிமன்றமும் அவரை அடைத்துவைத்த வயலும்கூட மாற வேண்டும் என்றது. இரண்டாவதைச் சொன்னவர் எவ்வளவு திருந்தியிருந்தாலும் திருந்தாதவராகவே எண்ணப்பட்டார். இன்னும் கசப்பானது, முதலாவதைத் தேர்ந்தெடுத்தவருக்கும் கதவு திறக்கவில்லை என்பது. உட்ஃபாக்ஸின் தண்டனை நீங்கியதற்குக் காரணம், அவருடைய வழக்கிலும் பெரு ஜூரித் தலைவரைத் தேர்ந்தெடுத்ததில் இனப் பாகுபாடு இருந்தது என்ற தீர்ப்பு. அதன்பின் மூன்றாவது விசாரணைக்கு அரசு ஆயத்தமானபோது, அதைத் தவிர்க்கும் பொருட்டு, குறைந்த குற்றச்சாட்டுகளை எதிர்க்காமல் விட்டுவிட்டு வெளியே வந்தார். கொன்றதை ஒப்புக்கொண்ட ரிடோவும் மறுத்த உட்ஃபாக்ஸும் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியேறினார்கள், அந்த வாசலுக்கும் அவர்கள் திருந்தியதற்கும் தொடர்பில்லை.

சிறையிலிருந்து மீண்டவர்களின் நூல்களைப் பாவமன்னிப்பு ஆவணங்களாக மட்டும் வாசிப்பவர்கள் இழப்பது அவற்றில் உள்ள அறிவை. நியூயார்க் மாநிலத்தின் கிரீன் ஹேவன் சிறையில் 1970களில் எடி எல்லிஸ் உள்ளிட்ட சிறைவாசிகள் சிலர் கூடி, தங்களைச் சுற்றி இருப்பவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று கணக்கெடுத்தார்கள். மாநிலச் சிறைவாசிகளில் ஏறத்தாழ 75 விழுக்காட்டினர் நியூயார்க் நகரத்தின் ஏழே ஏழு பகுதிகளிலிருந்து வந்தவர்கள் என்று அவர்கள் கண்டறிந்தார்கள். ஹார்லெம், தெற்கு பிராங்க்ஸ், பிரவுன்ஸ்வில் போன்ற, பெரும்பாலும் கறுப்பரும் லத்தீன் அமெரிக்கரும் வாழும் பகுதிகள் அவை. சிறைக்கும் அந்தத் தெருக்களுக்கும் இடையே ஓயாமல் நடக்கும் போக்குவரத்தைப் பல்கலைக்கழகங்கள் வரைபடம் போட்டுக் காட்டத் தொடங்கும் முன்பே, கணினியோ ஆய்வு நிதியோ இல்லாதவர்கள் சிறை முற்றத்தில் நின்று கண்டுபிடித்த உண்மை அது. ஒருவரை மட்டும் திருத்தி அதே ஏழு பகுதிகளுக்குத் திருப்பி அனுப்புவதில் என்ன பொருள் என்ற கேள்வியை அவர்கள் அன்றே கேட்டார்கள். வெளியே என்ன காத்திருக்கிறது என்பதைச் சமூகவியலாளர் டேவா பேஜர் 2003இல் வெளியிட்ட ஆய்வு எண்களில் காட்டியது. மில்வாக்கி நகரில் ஒரே தகுதிகளோடு வேலை தேடி அனுப்பப்பட்ட இளைஞர்களில், சிறைப் பதிவு இல்லாத வெள்ளையரை 34 விழுக்காடு நிறுவனங்கள் திரும்ப அழைத்தன, சிறைப் பதிவு உள்ள வெள்ளையரை 17 விழுக்காடு. சிறைப் பதிவே இல்லாத கறுப்பருக்குக் கிடைத்தது 14 விழுக்காடு, பதிவு உள்ள கறுப்பருக்கு 5. குற்றமே செய்யாத கறுப்பர் குற்றம் செய்து திருந்திய வெள்ளையரைவிடப் பின்தங்கி நிற்கும் சந்தையில், எவ்வளவு திருந்தினால் போதும் என்று ஒருவருக்குச் சொல்ல முடியும்?

அங்கோலாவிலிருந்து மீண்ட அடுத்த தலைமுறையினர் இந்த அறிவை எடுத்துக்கொண்டு சட்டத்தின் பக்கம் திரும்பினார்கள். சிறைக்குள் சக சிறைவாசிகளின் மனுக்களை எழுதித்தரும் பயிற்சி பெற்ற சிறைவாசிகளுக்கு அங்கே வழக்குரைஞர் துணைவர் என்ற இடம் உண்டு. கால்வின் டங்கன் அந்த வேலையில் இருந்தபோது, 1898ஆம் ஆண்டின் ஜூரி விதியை ஒழித்தாக வேண்டும் என்று முடிவுகட்டி, 2011இல் விடுதலையான பிறகும் வழக்கு மேல் வழக்காக உச்ச நீதிமன்றத்தின் வாசலுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். பத்துக்கு இரண்டு என்ற ஜூரியால் தண்டிக்கப்பட்டு 27 ஆண்டுகள் உள்ளே இருந்த நாரிஸ் ஹென்டர்சன், வாக்குரிமை இல்லாத சிறைவாசிகள் தங்கள் குடும்பங்களின் வாக்குகள் வழியாக அரசியலில் தலையிடலாம் என்று சிறைக்குள்ளேயே நடத்திவந்த குடிமைக் குழுவை, வெளியே வந்தபின் சிறை மீண்டவர்களின் அமைப்பாக வளர்த்தெடுத்தார். 2018 நவம்பரில் ஒருமனதான ஜூரியைக் கட்டாயமாக்கும் அரசியல் சாசனத் திருத்தம் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தபோது அந்த இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் அவரே. ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் ஆதரித்து வாக்களித்தார்கள். 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் ஒருமனதற்ற தீர்ப்புகள் அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று சொன்னது. 120 ஆண்டுகளாக நிலைத்திருந்த விதியை, அங்கோலாவிலிருந்து மீண்டவர்கள் எடுத்தெறிந்தார்கள். மறுவாழ்வு என்ற கோட்பாட்டுக்கு இதைவிடப் பெரிய சான்று அமெரிக்காவில் இருக்க முடியாது. ஆயினும் எந்தச் சிறைத்துறையின் ஆண்டறிக்கையிலும் இது மறுவாழ்வாகக் கணக்கில் வராது.

வென்றதன் எல்லையும் உடனே தெரிந்தது. 2021இல் உச்ச நீதிமன்றம், மேல்முறையீடுகள் முடிந்துவிட்ட பழைய வழக்குகளுக்குப் புதிய தீர்ப்பு பொருந்தாது என்றது. 2022இல் லூயிசியானா உச்ச நீதிமன்றமும் அதையே பின்பற்றியது. செல்லாது என்று அறிவிக்கப்பட்ட விதியின்படி தண்டிக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதனால் சிறையிலேயே இருக்கிறார்கள், பெரும்பாலும் கறுப்பர்கள். ஹென்டர்சனின் அமைப்பு 2023இல், கோடை வெயிலில் வயல் வேலைக்கு அனுப்பப்படும் அங்கோலா சிறைவாசிகளோடு சேர்ந்து, அந்த உழைப்பு கொடிய தண்டனை என்று மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நிழல், குடிநீர், ஓய்வு ஆகியவற்றுக்கான ஏற்பாடுகள் போதாதவை என்று கண்டு அவற்றைச் சரிசெய்யும்படி 2024 ஜூலையில் நீதிபதி ஆணையிட்டார்.

அதே 2024இல் மாநிலச் சட்டமன்றம் வேறொரு முடிவும் எடுத்தது. தமிழ்நாட்டில் பரோல் என்றால் சில நாள் விடுப்பு என்று பொருள். அமெரிக்காவில் அது தண்டனைக் காலம் முடியுமுன்பே, ஒரு வாரியம் சிறைவாசியை நேரில் அழைத்து விசாரித்து, நிபந்தனைகளோடு வீட்டுக்கு அனுப்புவதைக் குறிக்கும். 2024 ஆகஸ்ட் 1 முதல் நிகழும் குற்றங்களுக்கு, மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, லூயிசியானா அதை ஒழித்துவிட்டது. நன்னடத்தைக்காகத் தண்டனைக் காலத்தைக் குறைக்கும் வழியையும் சுருக்கி, விதிக்கப்பட்ட காலத்தில் 85 விழுக்காட்டையாவது உள்ளே கழித்தே ஆக வேண்டும் என்றாக்கியது. சிறை மீண்டவர்களின் அமைப்புகள் எதிர்த்தும் சட்டம் நிறைவேறியது. இந்தச் சட்டத்தின்கீழ் 19 வயதில் அங்கோலாவுக்குப் போகும் ஒருவர் அங்கே படிக்கலாம், இதழ் நடத்தலாம், அடுத்த கொட்டடிக்காரருக்கு எழுத்தறிவிக்கலாம், சாகக் கிடப்பவருக்குத் துணையிருக்கலாம். ஆனால் 10 அல்லது 20 ஆண்டுகள் கழித்து அவரை எதிரே உட்காரவைத்து, நீ இப்போது யார் என்று கேட்கும் கடமை இனி அந்த மாநிலத்தில் ஏறக்குறைய எவருக்கும் இல்லை.